நதியின் மீது பழி

உயர்தர வகுப்பில் ஒருநாள் ஈரான் - ஈராக் யுத்தத்தின் காரணங்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். ஷத்துல் அரப் நதி, குஸெஸ்தான் எண்ணெய், குர்துகளின் கிளர்ச்சி, 1979 ஈரானியப் புரட்சி, வல்லரசுப் போட்டி. பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "அப்ப சேர், பிழை செய்த ஆள் ஒருத்தருமில்லையா?" மணியடித்ததால் அன்று தப்பிவிட்டேன்.

நான் எழுதிய காரணங்கள் பொய்யல்ல. ஈராக்கின் கடற்கரை ஏறத்தாழ 58 கிலோமீற்றர்தான். பஸ்ராவுக்குக் கப்பல் ஷத்துல் அரப் வழியாகவே போகவேண்டும். 1937 உடன்படிக்கை அந்நதியின் பெரும்பகுதியை ஈராக்கிற்கு அளித்தது. 1975இல் அல்ஜியர்ஸில் எல்லைக்கோடு ஆழ்நீரோட்டத்தின் நடுவுக்கு நகர்ந்தது. பதிலுக்கு ஷா, குர்துகளுக்குக் கொடுத்துவந்த உதவியை நிறுத்தினார். ஈராக் சார்பில் அதற்கு இணங்கியவர் சதாம் ஹுசைன். அதே சதாம் 1980 செப்டெம்பர் 17இல் அவ்வுடன்படிக்கை செல்லாதென்றார். 22இல் படை எல்லை கடந்தது.

இந்த ஐந்து ஆண்டுகளில் நதி திசைமாறவில்லை, கடற்கரை சுருங்கவுமில்லை. மாறியது அயலவனின் பலம். புரட்சியால் ஈரானிய இராணுவம் குலைந்திருந்தது. பணயக்கைதி விவகாரத்தால் அமெரிக்காவும் பகையாகியிருந்தது. இப்போது அடித்தால் விழுவான் என்று ஒரு மனிதர் கணக்குப் பார்த்தார். அந்தக் கணக்கைப் பூகோளம் போட்டதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஈரானையும் விட்டுவிட முடியாது. 1982 மேயில் குர்ரம்ஷஹ்ரை மீட்டபின், ஜூலையில் அது ஈராக்கினுள் நுழைந்தது. யுத்தம் மேலும் ஆறு ஆண்டுகள் இழுபட்டது. சதாம் தன் யுத்தத்தைக் காதிஸிய்யா என்றார். ஈரான் தன் தாக்குதல்களுக்குக் கர்பலா என்று பெயரிட்டது. இரண்டும் நம் வீடுகளில் மரியாதையோடு உச்சரிக்கப்படும் பெயர்கள். (ஷீஆ - ஸுன்னி சண்டை என்பாரும் உளர். ஈராக்கின் சாதாரணச் சிப்பாய்களில் பெரும்பாலோர் ஷீஆக்களே.)

நம்மவர்கள் பலர் இதை அமெரிக்கச் சதி என்று முடித்துவிடுவார்கள். சதி இல்லாமலில்லை. ஈராக்கிற்கு உளவுத் தகவல் கொடுத்த அமெரிக்கா 1985-86இல் ஈரானுக்கு இரகசியமாக ஆயுதமும் விற்றது. ஆனால் 1988 மார்ச்சில் ஹலப்ஜாவின் குர்துகள்மீது நச்சுவாயு வீசியவை ஈராக்கிய விமானங்கள். அதற்காகப் பின்னர் தண்டிக்கப்பட்ட அலி ஹசன் அல்மஜீத் கலிமா சொன்னவர்தான்.

இரு முஃமின் கூட்டத்தார் மோதினால் சமாதானம் செய்யுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஒன்பதாம் வசனம் பணிக்கிறது. நாம் மேடைகளில் அதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒரு தரப்பு வரம்பு மீறினால் அதை எதிர்த்து நிற்கவும் அதே வசனம் சொல்கிறது. மீறியது யாரென்று பாராமல் அதை எப்படிச் செய்வது? காரணப் பட்டியல் எழுதுகையில் இந்த வேலையைத்தான் நான் தட்டிக்கழித்து வந்திருக்கிறேன்.

1990 ஓகஸ்ட்டில், குவைத்தைப் பிடித்து இரண்டு வாரம்கூட ஆகுமுன், ஈரானை அமைதிப்படுத்த வேண்டியிருந்தபோது, சதாம் ரஃப்சஞ்சானிக்குக் கடிதம் எழுதி அந்தப் பழைய 1975 எல்லையையே ஏற்றுக்கொண்டார். இடையில் இலட்சக்கணக்கானோர் மடிந்திருந்தனர்.

அடுத்த பாடவேளையில் ஐந்து காரணங்களையும் மறுபடி எழுதினேன். பரீட்சைக்கு அவை வேண்டும். அவற்றின் கீழே மூன்று ஆண்டுகளையும், அவ்வாண்டுகளில் முடிவெடுத்தவர் பெயரையும் எழுதினேன்.