முதல் சீட்டு

பிரிட்ஜ் ஆட்டத்தில் எனக்குப் பிடிக்காத கணம் ஒன்று உண்டு. ஏலம் முடிந்துவிட்டது, எதிர்ப்பக்கத்தார் மூன்று நோ-டிரம்ப் கேட்டிருக்கிறார்கள், ஆடப்போகிறவருக்கு இடக்கைப் பக்கம் நான். நான் முதல் சீட்டை வைத்த பிறகுதான் டம்மியின் சீட்டுகள் மேஜைமேல் விரியும். அதன் பிறகு ஒவ்வொருவருக்கும் 26 சீட்டுகள் தெரியும். எனக்கு அந்தக் கணத்தில் தெரிவது, 52-ல் என் கையிலுள்ள 13 மட்டும்.

ஒரு நாள் ஆடுதனில் ராஜா, ஜாக்கி, எட்டு, நாலு, இரண்டு என்று ஐந்து வைத்திருந்தேன். நீளமான ஜாதியில் மேலிருந்து நாலாவதை வை என்பது பழைய பாடம். நாலை வைத்தேன். ஆடுகிறவரிடம் ஆஸும் ராணியும் இருந்தன, ராணியாலேயே பிடித்துக்கொண்டார். அவருக்கு வேண்டியிருந்த ஒன்பதாவது பிடி அது.

"இஸ்பேட் வைத்திருந்தால் ஐந்து பிடி எடுத்திருப்பேனே, ஸார்!" என்றார் என் ஜோடி. ஏலத்தின்போது இஸ்பேட் என்று அவர் வாயே திறக்கவில்லை. அதை நான் சொல்லிக் காட்டவில்லை.

மறுவாரம் ஏறக்குறைய அதே கை, அதே நாலு. இம்முறை ஆஸும் ராணியும் அவரிடமே இருந்தன. "பிரமாதம்!" என்றார்.

அந்த இரண்டு நாலுக்கும் நடுவே என் அறிவு கூடவுமில்லை, குறையவுமில்லை. பலனை வைத்து ஒருவனைப் பழிப்பது என்ன நியாயம்? இந்தக் கேள்வியை நான் எனக்குச் சாதகமாகவே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். என் தங்கையின் கல்யாணத்தை முடித்துவைத்தவன் நான். இரண்டு வருஷத்தில் அவள் பெட்டியுடன் திரும்பி வந்தாள். அன்று தெரிந்ததை வைத்துத்தானே முடிவு செய்தேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஆனால், முதல் சீட்டு முழுக்கக் குருட்டுச் சீட்டு அல்ல. யார் என்ன கேட்டார், எதைக் கேட்காமல் விட்டார் என்பதெல்லாம் ஏலத்தில் காதில் விழுந்ததுதான். ஜோடி தயங்கினால் அதை நாம் பயன்படுத்தக் கூடாது. எதிராளி தயங்கினால் சொந்தப் பொறுப்பில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஆட்டத்தின் சட்டமே சொல்கிறது.

பெண் பார்க்க வந்த அன்று பையனுடைய உத்தியோகத்தைப் பற்றிக் கேட்டேன். அவன் தகப்பனார் பதில் சொல்லுமுன் கையிலிருந்த வெற்றிலையை இரண்டு தடவை துடைத்தார். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, முகூர்த்தத் தேதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

தங்கை இதுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த வெற்றிலையைப் பற்றி நானும் அவளிடம் சொன்னதில்லை.