ஜும்ஆ உரை: புதிய நாட்டில் எந்தப் பகுதியில் குடியேறுவது?

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! வீட்டிலிருந்து இதை வாசிக்கும் சகோதரிகளே!

ஊரிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே கேள்விதான். சிலர் "ஹஜ்ரத்" என்பார்கள், இலங்கைச் சகோதரர்கள் "மவ்லவி" என்பார்கள். கேள்வி மாறுவதில்லை. "விசா வந்துவிட்டது, குடும்பத்தோடு சிட்னிக்கு வருகிறோம், எந்த ஏரியாவில் வீடு பார்க்கலாம்?" கேட்பவர் இதை வாடகைக் கேள்வி என்று நினைத்துக் கேட்கிறார். நான் இதை மார்க்கக் கேள்வி என்று நினைத்துப் பதில் சொல்கிறேன். இன்றைய உரையும் அதைப் பற்றித்தான்.

குடும்பத்தை அந்நிய பூமியில் கொண்டுபோய்க் குடியமர்த்திய ஒரு தந்தையை நமக்கு எல்லோருக்கும் தெரியும். இப்ராஹீம் (அலை) அவர்கள் அன்னை ஹாஜராவையும் பால்குடிக் குழந்தை இஸ்மாயீலையும் விட்டுச் சென்ற இடத்தில் பயிரும் இல்லை, தண்ணீரும் இல்லை. அப்போது அவர்கள் கேட்ட துஆவை சூரா இப்ராஹீமின் 37ஆவது வசனத்தில் அல்லாஹ் நமக்குச் சொல்லித் தருகிறான். அதன் வரிசையைக் கவனித்துப் பாருங்கள். முதலில், உன்னுடைய வீட்டுக்கு அருகில் குடியமர்த்தினேன், இவர்கள் தொழுகையை நிலைநாட்டுவதற்காக என்கிறார்கள். அடுத்து, மனிதர்களில் சிலரின் உள்ளங்கள் இவர்கள் பக்கம் சாய வேண்டும் என்று கேட்கிறார்கள். கனிகளும் உணவும் மூன்றாவதாகத்தான் வருகின்றன. தொழுகை, மனிதர்கள், ரிஸ்க் என்று போகிறது அந்த வரிசை.

நம்முடைய பட்டியலைப் பாருங்கள். சம்பளம், வாடகை, பள்ளியின் தரவரிசை, கணவனின் அலுவலகத்துக்கு எத்தனை நிமிடம். எல்லாம் முடிந்து சாவியை வாங்கிய பிறகுதான், "இங்கே பள்ளிவாசல் எங்கே இருக்கு?" என்று கேட்கிறோம். நடுவில் இருக்கிற மனிதர்களை மறந்தே விடுகிறோம். இன்று நான் அதிகம் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

நம் ஊர்களை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினம், கீழக்கரை, காத்தான்குடி. திருமணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். பெண் தன் தாயின் வீட்டிலோ, அதே தெருவில் அடுத்த வீட்டிலோ வாழ்கிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உம்மா வருவார், சாச்சி வருவார். ஐந்து வேளை பாங்கும் காதில் விழும். அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண்ணை எடுத்து, சாலையில் ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு புதுக் குடியிருப்பில் கொண்டுவந்து வைக்கிறோம். காலை ஏழு மணிக்குக் கணவன் ரயிலுக்குப் போனால் மாலை ஏழுக்குத் திரும்புகிறான். அவனுக்கு அலுவலகத்தில் பேச்சுத்துணை உண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளியில் நண்பர்கள் உண்டு. அவளுக்கு யார் இருக்கிறார்?

இங்கே ஒரு சகோதரர் என்னிடம் வந்து உட்கார்ந்து அழுதார். பள்ளியின் தரவரிசையைப் பார்த்து வீடு எடுத்தவர். நல்ல வீடு, நல்ல தெரு. பஸ் மணிக்கு ஒன்று. மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எட்டு மாதங்களில் அவர் வீட்டுக்கு ஒரு முஸ்லிம் பெண்கூட வந்ததில்லை. ஒருநாள் மனைவி சொன்னாராம், "நான் இந்த வாரம் உங்களோடும் பிள்ளைகளோடும் தவிர யாரோடும் பேசவில்லை, தெரியுமா உங்களுக்கு?" அவருக்குத் தெரியவில்லை. வீடு பார்க்கப் போனபோது மனைவியிடம் சமையலறை பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேட்டதாக அவரே சொன்னார். எனக்கு அவரைக் கண்டிக்க மனம் வரவில்லை. நம்மில் எத்தனை பேர் அதற்கு மேல் கேட்டிருக்கிறோம்?

நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டில் கெட்ட அண்டை வீட்டார் அமைவதை விட்டும் நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியதாக நஸாயீயில் பதிவாகியிருக்கிறது. அண்டை வீட்டார் யார் என்பது துஆ கேட்கும் அளவுக்குப் பெரிய விஷயம். ஆகவே வீட்டைப் பார்க்கும் நாளில் அந்தத் தெருவிலும் கொஞ்சம் நடந்து பாருங்கள். அருகில் இருக்கும் பள்ளிவாசலுக்கு ஒரு வேலை நாளில் மஃரிபுக்குப் போங்கள். எத்தனை வரிசை நிற்கிறது, பெண்களுக்கு இடம் இருக்கிறதா, பிள்ளைகளுக்குக் குர்ஆன் மதரஸா எந்த நாட்களில் நடக்கிறது என்று கேளுங்கள். மனைவியையும் கூட்டிச் செல்லுங்கள். அவர் அங்கே இரண்டு பெண்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டு வந்தால், எந்த இணையதளமும் தராத தகவல் உங்களுக்குக் கிடைக்கும்.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள். இவற்றை மிம்பரில் சொல்ல வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். தெரியாமல் ஏமாறுவதைவிடச் சொல்வது நல்லது.

வாடகையை இங்கே வாரக் கணக்கில் சொல்வார்கள். அதை நான்கால் பெருக்கி மாத வாடகை என்று நினைத்தால் கணக்கு உதைக்கும். வருடத்துக்கு 52 வாரம். முன்பணமாக, அதாவது பாண்ட் என்று, நியூ சவுத் வேல்ஸில் 4 வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அரசுப் பள்ளிகளுக்கு எல்லை உண்டு. ஒரே தெருவின் இரண்டு பக்கங்கள் இரண்டு பள்ளிகளுக்குப் போகலாம், அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் முகவரியை வைத்துச் சரிபாருங்கள். தற்காலிக விசாவில் வருபவர்களில் பலர் அரசுப் பள்ளிக்கும் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். அதையும் கணக்கில் சேருங்கள். பலரும் ஆசைப்படும் செலக்டிவ் பள்ளிகளுக்குப் பரீட்சைதான் வாசல். அதற்காக விலை உயர்ந்த ஏரியாவில் போய்த் திணற வேண்டாம். அரசுப் பள்ளிகளில் வாரம் ஒருமுறை மார்க்க வகுப்புக்கு நேரம் ஒதுக்குவார்கள். இஸ்லாமிய வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் காரணம், கற்பிக்க ஆள் இல்லை என்பதுதான். அந்த ஆள் நீங்களாகக்கூட இருக்கலாம்.

தூரத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி ஓட்டிப் பார்த்து அளக்காதீர்கள். வேலை நாளின் மாலை ஐந்தரை மணிக்கு ஓட்டிப் பாருங்கள். டிசம்பரில் வீடு பார்ப்பவருக்கு மஃரிப் இரவு எட்டுக்குப் பிறகு. வேலை முடிந்து, சாப்பிட்டு, ஜமாஅத்துக்கும் போகலாம் என்று தோன்றும். ஜூனில் ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், நீங்கள் ரயிலில் நின்றுகொண்டிருப்பீர்கள். வாடகை குறைவு என்று மேற்கே போகிறவர்கள் கோடையையும் நினைவில் வையுங்கள். 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி வெயில் அடித்தது.

வீடு வாங்குவதையும் வட்டிக் கடனையும் இன்று நான் தொடவில்லை. அதற்குத் தனியாக ஒரு ஜும்ஆ வேண்டும்.

இவ்வளவு சொன்னதும் சிலர், "அப்படியானால் எல்லோரும் லக்கெம்பாவுக்கும் ஆபர்னுக்கும்தான் போக வேண்டுமா?" என்று கேட்பார்கள். அங்கே பெரிய பள்ளிவாசல்கள் இருக்கின்றன, ஹலால் கடைகள் இருக்கின்றன, ரமளான் இரவுகளில் நம் ஊர் போலவே இருக்கும். போக முடிந்தவர் போகட்டும். ஆனால் எல்லோருடைய வேலையும் வசதியும் அங்கே இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கும் நபி (ஸல்) அவர்களிடம் பதில் இருக்கிறது.

பனூ ஸலிமா குலத்தார் மதீனாவின் ஓரத்தில், மஸ்ஜிதுந் நபவியிலிருந்து தூரத்தில் வாழ்ந்தார்கள். பள்ளிக்கு அருகில் குடிபெயர்ந்து வந்துவிட விரும்பினார்கள். நல்ல ஆசைதான். ஆனால் நபி (ஸல்) அவர்கள் அவர்களை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். அவர்கள் பள்ளியை நோக்கி நடக்கும் காலடிகள் எழுதப்படுகின்றன என்று ஆறுதல் கூறினார்கள். புகாரியின் அறிவிப்பில் இன்னொரு காரணமும் இருக்கிறது. மதீனாவின் ஓரங்கள் ஆளில்லாமல் வெறிச்சோடிப் போவதை அவர்கள் விரும்பவில்லை.

தூரத்தில் இருப்பது குற்றமல்ல, சகோதரர்களே. அங்கிருந்து புறப்படாமல் இருப்பதுதான் நஷ்டம். அந்த ஓரங்களில் நீங்கள் குடும்பத்தோடு இல்லாவிட்டால் அங்கே பள்ளிவாசல் எப்படி வரும்? இந்த நாட்டிலேயே ப்ரோக்கன் ஹில் என்ற பாலைவன ஊரில் ஒட்டகம் ஓட்ட வந்த முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தகரத்தால் ஒரு பள்ளி கட்டினார்கள். அது இன்றும் நிற்கிறது, அருங்காட்சியகமாக. சுவர் மிஞ்சியது, ஜமாஅத் மிஞ்சவில்லை. அதனால்தான் தூரத்தில் வீடு எடுப்பவரிடம் நான் ஒரே ஒரு நிபந்தனை சொல்கிறேன். தனியாகப் போகாதீர்கள். இரண்டு குடும்பமாவது சேர்ந்து ஒரே பகுதியில் எடுங்கள்.

உமர் (ரலி) அவர்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள். அவர்களுடைய வீடு மதீனாவின் மேட்டுப் பகுதியான அவாலியில். அண்டை வீட்டில் ஓர் அன்ஸாரித் தோழர். இருவரும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் இவர் நபி (ஸல்) அவர்களிடம் சென்று கேட்டதை வந்து சொல்வார், மறுநாள் அவர் செல்வார். புகாரியில் கல்வி பற்றிய பாடத்தில் இது வருகிறது. உமருக்கே ஓர் அண்டை வீட்டார் தேவைப்பட்டார். சனிக்கிழமை மதரஸாவுக்கு இந்த வாரம் நீங்கள் நான்கு பிள்ளைகளை ஏற்றிச் செல்லுங்கள், அடுத்த வாரம் அவர் ஏற்றிச் செல்லட்டும். பெட்ரோலும் மிச்சம், பிள்ளைகளுக்கு நண்பர்களும் கிடைப்பார்கள்.

கசப்பான ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். "அந்த ஏரியா வேண்டாம், அங்கே அரபிகள் அதிகம். இந்த ஏரியா வேண்டாம், ஆப்பிரிக்கர்கள் இருக்கிறார்கள்." இதை நான் தாடி வைத்தவர்களிடமே கேட்டிருக்கிறேன். பாதுகாப்பைப் பார்ப்பது வேறு. இரவில் தெரு எப்படி இருக்கும் என்று விசாரியுங்கள், அது உங்கள் கடமை. ஆனால் மனிதர்களின் நிறத்தைப் பார்த்துத் தெருவை ஒதுக்குகிறவர், வெள்ளிக்கிழமை அதே மனிதரின் தோளோடு தோள் சேர்த்து நிற்கும்போது என்ன நினைப்பார்? நம்மைப் பார்த்தும் யாரோ ஒருவர் இதே வார்த்தையைச் சொல்லி வேறு வீடு தேடிப் போயிருப்பார்.

அண்டை வீட்டார் முஸ்லிம் இல்லையென்றால் கவலைப்படாதீர்கள். அவருக்கும் உங்கள் மீது உரிமை உண்டு. குடியேறிய முதல் வாரத்திலேயே மனைவி சமைத்த பிரியாணியில் ஒரு தட்டு மூடி எடுத்துக்கொண்டு கதவைத் தட்டுங்கள். இரண்டு அண்டை வீட்டாரில் யாருக்கு முதலில் கொடுப்பது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது, யாருடைய வாசல் அருகில் இருக்கிறதோ அவருக்கு என்றுதான் பதில் வந்தது.

ஆகவே சாவி வாங்கும் முன் இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா செய்யுங்கள். மனைவியிடம் மஷூரா செய்யுங்கள். விவரம் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள்.

இரட்சகனே! அன்னை ஹாஜராவைத் தனித்த பள்ளத்தாக்கில் கைவிடாத நீ, வீடு தேடி அலையும் எங்கள் குடும்பங்களுக்கும் நல்ல வாசலையும் நல்ல அண்டை வீட்டாரையும் தருவாயாக. ஆமீன்.

தொழுகை முடிந்ததும் இந்த மாதம் புதிதாக ஊரிலிருந்து வந்தவர்கள் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வண்டியில் காலி இருக்கை வைத்திருப்பவர்களும் அங்கே வாருங்கள். பெண்கள் பகுதியிலும் இதைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.