காவலன் கணக்குக் கொடுக்க வேண்டும்

‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று ஒரு பழமொழி நம்மிடம் புழங்குகிறது. இதைச் சொன்னது யார்? அடித்தவனா, அடி வாங்கினவனா? அடி வாங்கினவன் சொல்லியிருந்தால் ‘அணைக்கிற கைதான் அடிக்கும்’ என்று திருப்பிப் போட்டுச் சொல்லியிருப்பான். பழமொழிகளையும் அவற்றைச் சொன்ன வாய் எதுவென்று பார்த்துத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மதுராந்தகத்துக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊரில், என் சின்ன வயசில், ஆண்டை ஒருவர் இருந்தார். “இந்தப் பசங்களுக்கெல்லாம் நான்தான்யா அப்பன்” என்பார். பொய்யென்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு வேட்டி வரும், சாவுக்குக் கோடித்துணி வரும், பஞ்சத்தில் கேழ்வரகு வரும். களத்துமேட்டில் கட்டி வைத்து அடித்ததும் அவரேதான். என் பாட்டி அப்போதே சொல்லும்: “அப்பன்னு சொல்லிக்கிறான், சரி. அப்பன் ஊட்டுல புள்ளைங்க வாசப்படி தாண்டி உள்ள போவலாமே, நாம ஏன் போவ முடியல?” அப்பன் என்கிற சொல்லைப் பற்றி இதைவிடக் கூர்மையான ஒரு கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு விஷயத்தைப் பேசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். போர் நடத்தினவன், அதில் பங்கெடுத்தவன், அந்தப் போரில் சிதைந்த பிள்ளைக்குக் காவலனாக ஆகலாமா? ஆகலாம் என்றால் எந்த நிபந்தனையின் பேரில்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. கே.பி. என்று அறியப்பட்ட செல்வராசா பத்மநாதன், விடுதலைப் புலிகளுக்கு வெளிநாடுகளில் ஆயுதம் வாங்கி அனுப்பும் வேலையைப் பல வருடம் நடத்தியவர். துப்பாக்கி பிடித்துக் களத்தில் நின்றதைவிட, கப்பல், பணம், சரக்கு என்று ஒரு பெரிய வணிகரின் காரியங்களையே இயக்கத்துக்காகச் செய்தவர். 2009 மே மாதம் பிரபாகரனின் சாவை உலகத்துக்கு ஒப்புக்கொண்டு அறிவித்தவரும் அவர்தான். அதே வருடம் ஆகஸ்டில் கோலாலம்பூரில் பிடிபட்டுக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டார். அடுத்த வருடமே ‘நேர்டோ’ என்ற புனர்வாழ்வு நிறுவனம் அவர் பெயரோடு தொடங்கியது. பிறகு கிளிநொச்சியில் இருந்துகொண்டு, போரில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கான செஞ்சோலை, பாரதி இல்லம் ஆகிய விடுதிகளை நடத்தினார்.

செஞ்சோலை என்ற பெயருக்கே ஒரு கனம் இருக்கிறது. 1991இல் புலிகள் அநாதைப் பெண் குழந்தைகளுக்காகத் தொடங்கிய இல்லம் அது. 2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மேல் இலங்கை விமானப்படை குண்டு போட்டதில், பயிற்சி முகாமுக்கு வந்திருந்த ஐம்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூட மாணவிகள். அந்தப் பெயரைத் தாங்கிய வீட்டுக்கு, ஆயுதம் வாங்கித் தந்தவர், அந்த விமானத்தை அனுப்பின அரசாங்கத்தின் அனுமதியோடு காவலராகிறார். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு சாரார் ‘துரோகி’ என்றார்கள். இன்னொரு சாரார் ‘பாவத்தைக் கழுவுகிறார், விடுங்கள்’ என்றார்கள். அவர் மனசுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, அதைத் தோண்டுவதும் என் வேலை இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. இந்த இரண்டு பேச்சிலும் பிள்ளைகள் இல்லை. ஒன்றில் இயக்கம் இருக்கிறது, மற்றதில் அவருடைய ஆன்மா இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டோடு வரிசையில் நிற்கிற பிள்ளையை ஒருத்தரும் பேச்சில் சேர்க்கவில்லை.

கறை படிந்த கை குழந்தையைத் தொடக்கூடாது என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதத்தை நாம் வேறெங்கோ கேட்டிருக்கிறோம், இல்லையா? சுத்தக் கை, அசுத்தக் கை என்று தராசு பிடித்தவர்கள்தான் நம்மை ஊருக்கு வெளியே வைத்தவர்கள். தீட்டு என்கிற அந்த அளவுகோலை அப்படியே தூக்கி அறத்துக்குள் போட்டால் அங்கேயும் அது அதே வேலையைத்தான் செய்யும். 2009இல் வன்னியில் சுத்தமான கைக்கு எங்கே போவது? ஆயுதம் தூக்கினவன் இருந்தான். பிடித்துக்கொண்டு போய்த் தூக்க வைக்கப்பட்டவன் இருந்தான். பங்கர் வெட்டினவன், காயத்துக்குக் கட்டுப் போட்டவன், தன் பிள்ளையை ஒளித்து வைக்க முடியாமல் கொடுத்தவன், எல்லாரும் இருந்தார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளில் பலர் எப்போதோ விமானம் ஏறிவிட்டார்கள். சுத்தமான கைகள் தூரத்தில் இருந்தன. தூரத்துக் கை சோறு ஊட்டாது.

ஆகவே கறையைப் பார்ப்பதை விடுவோம். வேறு என்னத்தைப் பார்ப்பது?

நான் அசோக் நகரில் ரொம்ப வருடம் ஜாப் டைப்பிங் செய்து பிழைத்தவன். வக்கீல்களுக்கு மனுக்கள் அடித்துக் கொடுப்பேன். அதில் ‘கார்டியன் ஓ.பி.’யும் வரும். 1890இல் வெள்ளைக்காரன் போட்ட பாதுகாவலர் சட்டம். அடித்து அடித்து அதன் பிரிவுகள் விரலிலேயே பதிந்துவிட்டன. அந்தச் சட்டம் காவலனைத் தியாகி என்று எங்கேயும் சொல்லவில்லை. அவன் மேல் நம்பிக்கை வைக்கப்பட்டிருக்கிறது, அந்தப் பதவியை வைத்து அவன் லாபம் பார்க்கக் கூடாது என்கிறது 20ஆம் பிரிவு. கோர்ட் கேட்டால் பிள்ளையின் சொத்துப் பட்டியலையும் வரவு செலவுக் கணக்கையும் கொடுக்க வேண்டும் என்கிறது 34. விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தைக் கோர்ட் கணக்கில் எடுக்கலாம் என்கிறது 17. பிள்ளைக்கு வயசு வந்ததும் காவல் முடிந்தது. அப்போதும் கணக்கை ஒப்படைக்கச் சொல்லலாம். அன்பு, பாசம், நன்றி என்கிற பேச்சே அதில் இல்லை. சொத்துள்ள வீட்டுக்காக எழுதின சட்டம்தான். ஆனாலும் என் பாட்டியின் கேள்விக்கு அதில் பாதிப் பதில் இருக்கிறது. காவலன் கேள்வி கேட்கப்படத்தக்கவன்.

மீதிப் பாதியை நான் ஒரு பழைய பட்டாளத்துக்காரரிடம் பார்த்தேன். வேலூர்ப் பக்கம், நம்ம ஆளு. ஹவில்தாராக இருந்து பென்ஷனில் வந்தவர். எங்கள் தெருமுனையில் செக்யூரிட்டி ஏஜென்சி வைத்து, ஏ.டி.எம்.களே அதிகம் இல்லாத காலத்திலேயே, அடுக்குமாடி வீடுகளுக்கு வாட்ச்மேன் அனுப்பி முன்னுக்கு வந்தார். 1990இல் படகில் வந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பையனைக் கூடவே வைத்திருந்தார். சொந்தம் என்று ஒருத்தரும் இல்லை. தொடையில் ஷெல் துண்டு கிழித்த தழும்பு, லேசாக இழுத்து நடப்பான். 1991க்குப் பிறகு அகதிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்குவதே பெரும்பாடு. அலைந்து திரிந்து வாங்கினார். படிவம் நிரப்ப என்னிடம்தான் வருவார். ‘தந்தை / பாதுகாவலர்’ என்று இருக்கும் இடத்தில் தந்தையை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

ஒருநாள் தனியாக வந்து உட்கார்ந்தார். “தம்பி, நான் ஐ.பி.கே.எஃப்.ல இருந்தவன். எண்பத்தேழுல அங்கதான் இருந்தேன். பையனுக்குத் தெரியாது” என்றார்.

1987 ஜூலையில் ஒப்பந்தம் போட்டு அமைதிப்படை என்று போன இந்திய ராணுவம், அக்டோபரில் புலிகளோடு சண்டையில் இறங்கியது. அந்த மாதம் 21ஆம் தேதி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் திரும்பி வருவதற்குள் ராணுவத்தில் ஏறத்தாழ 1,200 பேர் செத்திருந்தார்கள். அதிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். வேலையென்று பட்டாளத்தில் சேர்ந்தவனை, அவன் பேர்கூடக் கேள்விப்படாத ஊரில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

“சொல்லிடுங்கண்ணே” என்றேன்.

“சொன்னா போயிடுவான் தம்பி. அவன உட்டா எனக்கு யாரு?”

இந்த இடத்தில்தான் காவல் என்பது கெட்டுப்போகிறது. இதுவரை பையனுக்கு அவர் தேவையாக இருந்தார். இப்போது அவருக்குப் பையன் தேவை. தப்பென்று சொல்ல முடியாது, மனுசன்தானே. 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய ‘தீபன்’ படத்தில், முன்னாள் போராளி ஒருவனும் ஒரு பெண்ணும், செத்துப்போன வேறொரு குடும்பத்தின் கடவுச்சீட்டில் வெளிநாடு போக, தாயில்லாத சிறுமி ஒருத்தியைத் தேடிப் பிடித்து மகளாக்கிக்கொள்வார்கள். அங்கே யார் யாருக்குப் பாதுகாப்பு? பெரியவர்கள் கரை சேர்ந்தது அந்தச் சின்னப் பெண்ணால்தான். காவலன் தன் பிழைப்புக்கும் பேருக்கும் மனநிம்மதிக்கும் பிள்ளையை நம்பியிருப்பது சகஜம். ஆனால் அந்தத் தேவைக்காக உண்மையை மறைத்தால், பிள்ளை அவருடைய சொத்தாகிவிடுகிறது.

கடைசியில் சொன்னார். பையன் ஒன்றுதான் கேட்டானாம்: “நீங்கள் எந்த இடத்தில நிண்டனீங்கள்?” ஊர்ப்பேரைச் சொன்னார். “அது எங்கட ஊர் இல்லை” என்றானாம். மூன்று நாள் பேசவில்லை. பிறகு பேசினான். இதை மன்னிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அவனுடைய ஊராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? போயிருக்கலாம். போகிற உரிமை அவனுக்கு இருந்தது, அதுதான் முக்கியம். அடுத்த வருடப் படிவத்தை அவனே எடுத்து வந்தான். பாதுகாவலர் என்ற இடத்தில் அவர் பேரைத் தன் கையால் எழுதியிருந்தான். முன்பு அவர் எடுத்துக்கொண்ட உறவு, இப்போது அவன் கொடுத்தது.

எங்கள் பேட்டையின் பெயரே இந்தப் பிரச்சினையைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கிறது. ஷேர் ஆட்டோக்காரர்கள் ‘பில்லர், பில்லர்’ என்று கூவுகிற நாற்சந்தியில் நாலு சிங்கங்களோடு நிற்கும் தூண் யாருடையது? கலிங்கத்தில் போர் செய்து, பிறகு வருந்திய அசோகனுடையது. நாம் அசோகனை நேசிக்கிறவர்கள். அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் தழுவ, அசோக விஜயதசமி என்று சொல்லப்படும் நாளையே 1956 அக்டோபரில் தேர்ந்தெடுத்தார். நேசிக்கிறதாலேயே ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. 13ஆம் பாறைக் கல்வெட்டில் அசோகன் கணக்குக் கொடுக்கிறான்: கொல்லப்பட்டவர்கள் ஒரு லட்சம், பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் ஒன்றரை லட்சம், அதைப்போல் பல மடங்கு பேர் மாண்டார்கள், அதற்காக வருந்துகிறேன் என்கிறான். உலகத்தில் எந்த ராஜா இப்படிச் சொல்லியிருக்கிறான்! ஆனால் அந்தக் கல்வெட்டு கிர்நாரில் இருக்கிறது, கால்சியில் இருக்கிறது, ஆந்திரத்து எர்ரகுடியில் இருக்கிறது. கலிங்கத்தில், தௌலியிலும் ஜௌகடாவிலும் மட்டும் இல்லை. அங்கே அந்த இடத்தில் வேறு இரண்டு கல்வெட்டுகளை வைத்தான். எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்பது அவற்றில்தான் வருகிறது.

காரணம் எதுவாகவும் இருக்கட்டும். அடி வாங்கின மண்ணில் ‘நீங்கள் என் பிள்ளைகள்’ என்று மட்டும் எழுதினான். ‘உங்களைக் கொன்றவன் நான்’ என்பதை மற்ற ஊர்களில் எழுதினான். வருத்தம் மற்றவர்களுக்கு, தகப்பன் பட்டம் கலிங்கத்துக்காரனுக்கு. ஆனானப்பட்ட அசோகனுக்கே இது கஷ்டமாக இருந்திருக்கிறது என்றால், மற்றவர்களை என்ன சொல்ல?

நம் வரலாற்றிலும் இது நடந்தது. 1932இல் பூனா ஒப்பந்தம் முடிந்த கையோடு, தீண்டாமை ஒழிப்புக்கென்று தொடங்கி ஹரிஜன சேவா சங்கம் என்று பேர் மாறிய அமைப்புக்குத் தலைவர் தொழிலதிபர் ஜி.டி. பிர்லா. அம்பேத்கர் கப்பலில் இருந்தபடி செயலாளர் தக்கருக்குக் கடிதம் எழுதினார்: கிணறு, பள்ளிக்கூடம், பொதுவழி ஆகிய உரிமைகளுக்குப் போராடுங்கள், வேலை செய்கிறவர்களை எங்கள் மக்களிடமிருந்தே எடுங்கள் என்று. நடக்கவில்லை. நிர்வாகத்தில் இடம் கேட்டவர்களுக்குக் காந்தி தரப்பு சொன்ன பதில் என்ன தெரியுமா? இது சாதி இந்துக்கள் தங்கள் பாவத்துக்குச் செய்யும் பரிகாரம், பணமும் அவர்களுடையது, அதனால் நிர்வாகமும் அவர்களுடையதே. பாவம் செய்ததே ஒரு தகுதியாகிவிட்டது! பரிகாரம் செய்கிறவன் மேடையில் நிற்கிறான், யாருக்காகப் பரிகாரமோ அவன் கீழே கைகட்டி நிற்கிறான்.

கே.பி. நடத்திய விடுதியானாலும் சரி, எங்கள் தெருப் பட்டாளத்துக்காரரின் வீடானாலும் சரி, நான் பார்ப்பது இதைத்தான். பரிகாரம் பெரியவருடையது, அதை அவர் எங்கே வேண்டுமானாலும் தேடிக்கொள்ளட்டும். பிள்ளையின் வாழ்க்கை பிள்ளையுடையது. போர் முடிந்தபோது தன் கைக்கு வந்த சிறுவர் போராளிகள் 594 பேர் என்று இலங்கை அரசு ஒரு எண்ணைச் சொன்னது. அவர்களில் பலரை இரத்மலானை இந்துக் கல்லூரியில் படிக்க வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் அதே 2009 மே மாதம் தாங்களே கையில் பிடித்து ராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். படிக்க வைத்ததைக் காட்டி, காணாமல் போனவர்களின் கணக்கை மூட முடியுமா? முடியாது. புலிகள் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளின் கணக்கும் அப்படித்தான் திறந்தே கிடக்கிறது.

அடித்த கை அணைக்கலாம். தடுக்க மாட்டேன். முதலில் அந்தக் கை என்ன செய்தது என்று அணைக்கப்படுகிறவனிடமே சொல்ல வேண்டும். அவன் விலகிக்கொள்ள நினைத்தால் பிடி தளர வேண்டும். அவனிடம் நன்றியை வட்டியாகக் கேட்கக் கூடாது. செய்ந்நன்றி பற்றி நமக்குத்தான் காலங்காலமாகப் பாடம் நடத்தினார்கள், ஆண்டைகளுக்கு யாரும் நடத்தவில்லை.

வளர்ந்த பிள்ளை ஒருநாள் நோட்டைக் கேட்கும். எடுத்துக் கொடுக்கிறவன் காவலன். ‘சோறு போட்டவனையே கேக்கறியா?’ என்கிறவன் ஆண்டை.