காலடி வைக்கும் முன்

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை நம்மில் பலர் நடந்திருக்கிறோம். அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஃபோர்ட் கேனிங் குன்றில் எத்தனை பேர் ஏறியிருக்கிறோம்?

சமீபத்தில் நண்பர்களோடு அங்கே நடக்கப் போனேன். புதுப் பாதை போடும் முன் தொல்லியல் ஆய்வு செய்வது பற்றிப் பேச்சு வந்தது. "நடக்கிற பாதைக்கு ஆராய்ச்சி எதுக்குடா? செத்தவங்களவிட உயிரோட இருக்கிறவங்கதானே முக்கியம்?" என்றான் ஒருவன்.

நியாயமான கேள்விதான். ஆனால் அவசரத்துக்கு இந்த ஊர் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் சுமார் 50 வரிகள் பொறித்த ஒரு பெரிய பாறை இருந்தது. 1843இல் கட்டுமானத்துக்காக அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அந்த எழுத்து இன்னும் முழுதாகப் புரியவில்லை.

1928இல் இதே குன்றில் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டியபோது பொன் நகைகள் கிடைத்தன. அது தற்செயல். 1984இல்தான் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் இங்கே முறையாக அகழாய்வு செய்தார். ராஃபிள்ஸ் வருவதற்குச் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பே, 14ஆம் நூற்றாண்டில், இங்கே மக்கள் வாழ்ந்ததை மண்ணுக்குள் கிடைத்த பீங்கான் துண்டுகள் காட்டின.

அந்த 1928ஆம் ஆண்டு நகைகளில் ஒரு தோள்வளையில் காலமுகம் இருக்கிறது. நம் கோயில்களில் பார்க்கும் கீர்த்திமுகம் மாதிரி. முதலில் பார்த்தபோது "அட, நம்முடையது!" என்று துள்ளினேன். பிறகு வெட்கமாகிவிட்டது. நம்முடையதாக இல்லாவிட்டால் அது அழிந்தாலும் பரவாயில்லையா? இதே குன்றில் இஸ்கந்தர் ஷா கெராமாட்டும் இருக்கிறது. அதற்கும் அதே மரியாதை தரவில்லை என்றால் என் பக்திக்கு என்ன அர்த்தம்?

வீடு கட்டும் முன் பூமி பூஜை செய்து பூமாதேவியிடம் அனுமதி கேட்கிறோம். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உடனே மண்வாரியை இறக்கினால் அது வெறும் சடங்கு. பழைய வரைபடம் பார்ப்பது, சிறு குழி தோண்டிப் பார்ப்பது எல்லாம் அந்தப் பதிலுக்காகக் காத்திருப்பதுதான். ஏதாவது கிடைத்தால் பாதையைப் பத்தடி தள்ளிப் போடலாம். கலைத்துவிட்ட மண்ணடுக்கைத் திரும்ப அடுக்கவே முடியாது.

நண்பனிடம் இதைத்தான் சொன்னேன்: "உயிரோட இருக்கிறவங்க முக்கியம்தான். ஆனா இனிமே பிறக்கப் போறவங்களும் அதுல சேர்த்திதானே?"