காவல்கூலி

வெனிஸ் அழகான ஊர்தான். அதை மறுக்கப்போவதில்லை. தெரு இருக்கவேண்டிய இடத்தில் வாய்க்கால், சந்து திரும்பினால் ஒரு சதுக்கம், சதுக்கத்துக்கு ஒரு மாதா கோயில். இரண்டு நாள் கால் கடுக்க நடந்தேன். 1630இல் வந்த கொள்ளைநோய் தீரவேண்டும் என்று நேர்ந்துகொண்டு கட்டிய சலூத்தே கோயிலுக்கும் போனேன். சேற்றுக்குள் லட்சக்கணக்கில் மரங்களை அடித்து இறக்கி, அதன்மேல் எழுப்பியது. அடித்து இறக்கினவன் பேர் அங்கே எங்கேயும் கண்ணில் படவில்லை. எந்த ஊர்லதான் இருக்கு, விடுங்கள்.

என்னை நிறுத்தினது ஃப்ராரி கோயில். ஜோவான்னி பெசாரோ என்ற ஆட்சித்தலைவரின் கல்லறை அங்கே இருக்கிறது. 1669இல் முடித்தது. அதன் பாரத்தை நான்கு கறுப்பு மனிதர்கள் சுமந்துகொண்டு நிற்கிறார்கள். உடுப்பு வெள்ளைப் பளிங்கு. அது முட்டியில் கிழிந்திருக்கிறது. கிழிசல் வழியே கறுப்புப் பளிங்கில் தோல் தெரிகிறது. என்னா வேலைப்பாடு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பிறகு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்தவன் கிழிசலை ரசிக்கிற கண் எனக்கு எப்போது வந்தது? அந்தக் கண்ணோடு ஒரு ஊரைப் பார்க்கலாமா, கூடாதா? இதே கேள்வியோடுதான் ஊரின் வடபக்கம், கன்னரேஜோ பகுதிக்கு நடந்தேன்.

அங்கே ஒரு சின்னத் தீவு. நாலுபக்கமும் வாய்க்கால். ஒரு காலத்தில் அங்கே செம்பு வார்ப்படப் பட்டறை இருந்தது. பட்டறைக்கு அந்த ஊர்ப் பேச்சில் வழங்கிய சொல்லிலிருந்துதான் 'கெட்டோ' வந்தது என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். உலகம் முழுக்க ஒதுக்கப்பட்டவன் குடியிருப்புக்கு வைத்த பேர் இந்தத் தீவில் பிறந்ததுதான். 1516 மார்ச் 29 அன்று வெனிஸ் செனட், யூதர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கவேண்டும் என்று ஆணை போட்டது. ஏற்கெனவே குடியிருந்தவர்களைக் காலி செய்தார்கள். வந்த யூதர்களிடம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வாடகை. இரண்டு கதவு. சான் மார்கோ கோபுரத்து மரங்கோனா மணி காலையில் அடித்தால் கதவு திறக்கும். தச்சர்களை வேலைக்குக் கூப்பிடுகிற மணி அது. ராத்திரி பூட்டிவிடுவார்கள். வெளியே போனால் மஞ்சள் தொப்பி.

சரி, உள்ளே அடைத்தார்கள். கதவுக்கு நான்கு கிறிஸ்தவக் காவலாளிகள், வாய்க்காலைச் சுற்றிவர இரண்டு படகுகள். இவர்களுக்கெல்லாம் கூலி யார் கொடுத்தது என்று நினைக்கிறீர்கள்? உள்ளே பூட்டப்பட்ட யூதர்களேதான்.

இதற்குப் பதில் சொல்கிறவர்கள் உண்டு. 1492இல் ஸ்பெயின் துரத்தியே விட்டது, வெனிஸ் இடமாவது கொடுத்தது, சுவர் அவர்களுக்கும் பாதுகாப்புதானே என்பார்கள். பாதியளவு உண்மை. துரத்தப்பட்டவர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள், எபிரேய நூல்கள் இந்த ஊரில் அச்சாகின, கெட்டோவுக்குள் ஐந்து தொழுகைக்கூடங்கள் எழும்பின. இடமில்லாததால் வீடுகள் ஏழெட்டு மாடிக்கு உயர்ந்தன. மாடியில் தலை இடிக்கிற கூரை. இதையும் சேர்த்துத்தான் அவர்கள் வாழ்ந்தார்கள். ஆனால் பாதுகாப்பு என்றால் சாவி உள்ளே இருப்பவனிடம் அல்லவா இருக்கவேண்டும்? பகலில் அடகுக்கடைக்கு யூதன் வேண்டும், பழந்துணி வாங்க வேண்டும். பிரபு வீட்டில் நோயாளிக்கு மூச்சு முட்டினால் நடுராத்திரியிலும் யூத மருத்துவருக்குக் கதவு திறக்கும். அப்போது தொட்டால் ஒன்றும் ஆகாது போல!

அம்பேத்கர் தம் கையெழுத்துப்படி ஒன்றுக்கு 'தீண்டத்தகாதோர் அல்லது இந்தியக் கெட்டோவின் பிள்ளைகள்' என்று பேர் வைத்தார். அது 1989இல்தான் அச்சேறியது. சேரியைச் சொல்ல அவருக்கு இந்தத் தீவின் பேர் தேவைப்பட்டிருக்கிறது. இருந்தும் ஒரு வித்தியாசம் எனக்கு உறுத்துகிறது. இங்கே ஒதுக்கலுக்குத் தேதி இருக்கிறது, ஆணை இருக்கிறது, கதவு இருக்கிறது. 1797 ஜூலையில் நெப்போலியன் படை வந்தபோது அந்தக் கதவுகளைப் பெயர்த்து இதே சதுக்கத்தில் போட்டுக் கொளுத்தினார்கள்.

அதோடு முடியவும் இல்லை. 1943இல் நாஜிகள் வந்தபோது கதவே தேவைப்படவில்லை, பெயர்ப்பட்டியல் போதுமாயிருந்தது. யூத சமூகத் தலைவரான மருத்துவர் ஜூசெப்பே ஜோனா, பட்டியலைக் கொடுப்பதைவிட உயிரை விடுவது மேல் என்று அந்தச் செப்டம்பரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்படியிருந்தும் இருநூறு பேருக்குமேல் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பினவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

கன்னரேஜோ வாய்க்கால் பக்கத்து நுழைவாயிலில், கதவுக்கீல் பொருத்தியிருந்த குழிகள் கல்லில் இன்னும் இருக்கின்றன. ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தேன். முதல் கணு வரைக்கும் போனது. எங்கள் ஊருக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் இருப்பது ஒரு ஓடை, ஒரு புளியமரம். கதவு இருந்ததேயில்லை. அங்கே எந்தக் கல்லில் விரலை விடுவது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். பின்னால் வந்தவர்கள் படமெடுக்க வழிவிடச் சொன்னார்கள்.