எள்ளும் நீரும் இறைக்க ஒரு தம்பி

இன்று கம்பராமாயணத்தில் கும்பகருணன் வதைப் படலம். பட்டிமன்றத்துக்குப் போனால் இங்கே ஒரே கேள்விதான். செஞ்சோற்றுக் கடன் தீர்த்த கும்பகருணன் உயர்ந்தவனா, அறத்தின் பக்கம் போன வீடணன் உயர்ந்தவனா? கைதட்டலுக்கு நல்ல கேள்வி. ஆனால் களத்தில் எதிரெதிரே நின்ற அந்த இருவரும், இராவணனின் இரண்டு தம்பிகளும், அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கசப்பு முளைத்தது இராவணன் சபையில். இரணியன் கதையைச் சொல்லி அண்ணனைத் திருத்தப் பார்த்தான் வீடணன். இராவணனோ, எனக்கு வாய்த்த பிரகலாதன் நீதானா என்று சீறினான். தம்பியைக் கொன்ற பழி வேண்டாம் என்று உயிரை மட்டும் விட்டுவைத்து, என் கண்முன் நிற்காதே என்று விரட்டினான்.

கும்பகருணன் மட்டும் வாய்மூடி இருந்தானா? பிறன் மனைவியைச் சிறைவைத்துவிட்டு மானம் பேசுகிறோமே என்று அதே சபையில் இடித்துச் சொன்னவன் அவன். உறக்கத்திலிருந்து எழுப்பிப் போருக்குப் போ என்றபோதும் சொன்னான்: சீதையை விடு, இராமனைப் பணி, தம்பியோடு கூடிக்கொள். அந்த மூன்றாவதைக் கவனியுங்கள். துரோகி என்று அரசன் ஒதுக்கியவனுக்காக, அந்த அரசனிடமே பரிந்து பேசுகிறான்!

இராவணன் கேட்கவில்லை. கோபித்தான். பொறுத்துக்கொள் ஐயா என்று கும்பிட்டுவிட்டுக் களத்துக்குப் போனான் கும்பகருணன்.

அங்கே, இராமனிடம் போய்ச் சேர்ந்திருந்த வீடணன், இராமன் இசைவோடு வந்து காலில் விழுகிறான். வாரி எடுத்துத் தழுவிக்கொண்ட அண்ணனுக்கு முதலில் வந்தது பயம். நீ ஒருவனாவது பிழைத்தாய் என்றிருந்தேனே, ஏன் திரும்பி வந்தாய்? நாங்கள் செத்தால் எள்ளும் நீரும் இறைக்க வேறு யார் இருக்கிறார்கள்? வீடணன், இராமன் எனக்குத் தந்த இலங்கை அரசை உனக்கே தருகிறேன், ஏவல் செய்கிறேன், வந்துவிடு என்று கெஞ்சுகிறான். கும்பகருணன் மறுக்கிறான். நெடுநாள் வளர்த்து, போர்க்கோலம் பூட்டி அனுப்பிய அண்ணனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன். நீ அங்கேயே இரு, அதுதான் உனக்கு நல்லது என்கிறான்.

ஒருவர் பக்கம் நிற்பதற்கு இன்னொருவரை வெறுத்தாக வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். பாகப்பிரிவினையில் அண்ணன் பக்கம் சாட்சி சொன்னவன் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதில்லை. கும்பகருணனுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அவனுடைய விசுவாசத்தில் பகை கலக்கவில்லை. என் தீர்ப்பு இவ்வளவுதான்.

பிறகு நடந்த போரில் மூக்கிழந்து, கையும் காலும் அறுபட்டுக் கிடந்தபோது இராமனிடம் அவன் கேட்டவை இரண்டு. மூக்கிழந்த முகத்தை யாரும் பார்க்காதபடி என் தலையைக் கடலில் எறிந்துவிடு என்பது ஒன்று. என் தம்பியைக் கண்டால் இராவணன் கொன்றுவிடுவான். தம்பி உன்னையும் இலக்குவனையும் அனுமனையும் பிரியாதபடி காப்பாற்று என்பது மற்றொன்று. தன்னைக் கொல்லும் கையிடமே தம்பியை ஒப்படைத்தான்.

பின்னாளில் இராவணனுக்கும் ஈமக்கடன் செய்தவன் வீடணன்தான். ஆனால் அதற்கு முன், கும்பகருணன் இறந்த செய்தி கேட்டு இராவணன் துடித்து விழுவதை மாயா சனகப் படலத்தில் கம்பர் பாடுகிறார். நாளை அதைப் பார்ப்போம். கூடப் பிறந்தவர்களையும் அழைத்து வாருங்கள்.