கழிவுக்கு வரம்பு கட்டுதல் அறமாகுமா?

இல்லறத்தார்க்கு ஓதப்பட்ட அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. துறவியர் பொருளை முற்றும் விடுகின்றனர். இல்லறத்தாரோ, ‘எனக்கு இவ்வளவு போதும்’ என்று தாமே ஓர் அளவு வகுத்துக்கொண்டு வாழக் கடமைப்பட்டவர்கள். அவ்வாறு அளவு வகுக்க வேண்டிய புறப்பொருள்களை எண்ணும்போது, தத்துவார்த்த சூத்திரம் நிலத்தையும் வீட்டையுமே முதலில் வைக்கின்றது. மனிதனின் பற்று வீட்டின் மேல்தான் மிகுதி என்பதை ஆசிரியர் அறிந்திருந்தார் போலும். வீட்டு வரியைப் பற்றிய பேச்சில் நல்லுள்ளங்கள் இரண்டு புண்பட்டதை அண்மையில் நேரில் கண்டேன். அதுவே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

எங்கள் இல்ல மணவிழா ஒன்றிற்காக, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலிருந்து என் அண்ணன் மகனும் தங்கை மகளும் வந்திருந்தனர். அவன் மருத்துவன், மருத்துவர் சிலர் கூட்டாக நடத்தும் நிலையத்தில் பங்குதாரன், சொந்த வீட்டில் வாழ்பவன். அவள் பள்ளி ஆசிரியை. வாடகை வீட்டில் குடியிருப்பவள். பொழுது சாயுமுன் உணவு முடித்துத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். பேச்சு வரியை நோக்கித் திரும்பிற்று. “ஊருக்குக் கட்டிய வரி என் கையில் தங்கிய பணமன்று. அதற்கும் வருமான வரி கேட்பது எந்த நியாயம், அத்தை?” என்றான் அவன். “உங்களுக்குக் குறைகின்ற வரியை யார் ஈடு செய்கின்றார்கள், அத்தான்? வீடே வாங்க இயலாத நானும் சேர்ந்துதானே?” என்றாள் அவள். குரல்கள் உயர்ந்தன. மறுநாள் காலை இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருவர் கூற்றையும் நடுநிலையில் நின்று ஆராய விழைந்தேன்.

சட்டம் கூறுவது

ஐக்கிய அமெரிக்காவில் கூட்டாட்சி அரசு வருமான வரி பெறுகின்றது. பெரும்பாலான மாநிலங்கள் தனியே ஒரு வருமான வரி பெறுகின்றன. ஊராட்சிகளும் பள்ளி மாவட்டங்களும் வீட்டின் மதிப்பையொட்டிச் சொத்து வரி பெறுகின்றன. 1913-இல் கூட்டாட்சி வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டபோதே, மாநிலத்திற்கும் ஊருக்கும் கட்டிய வரிகளை வருமானத்திலிருந்து கழித்துவிட்டு, எஞ்சியதற்கு வரி கணக்கிடும் முறை ஏற்கப்பட்டது. இடையிடையே சில கட்டுப்பாடுகள் வந்த போதிலும், இவ்வளவுதான் கழிக்கலாம் என்று பொதுவானதொரு தொகை குறிக்கப்படவில்லை.

2017 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் அதனை மாற்றிற்று. 2018 முதல் இவ்வரிகள் அனைத்தும் சேர்ந்து 10,000 டாலர் வரையே கழிக்கலாம் என வரம்பு கட்டப்பட்டது. தனி ஒருவருக்கும் அதே தொகை. கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்குக் கொடுத்தாலும் அதே தொகை. உடன்நிகழ்வாக, எவரும் பட்டியலிடாமலே பெறக்கூடிய நிலையான கழிவு, தம்பதியர்க்கு 12,700 டாலரிலிருந்து 24,000 டாலராக உயர்த்தப்பட்டது. இதனால், தனித்தனியே பட்டியலிட்டுக் கழிவு கோருவோர் பத்தில் மூவர் அளவிலிருந்து ஏறத்தாழ பத்தில் ஒருவராகக் குறைந்தனர். 2025 ஜூலையில் வந்த சட்டம் வரம்பை 40,000 டாலராக உயர்த்தியது. ஐந்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உடையோர்க்கு அது படிப்படியாகச் சுருங்கி 10,000-இல் வந்து நிற்கும். 2030-இல் அனைவர்க்கும் மீண்டும் 10,000 என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு.

நம் நாட்டில் தாம் குடியிருக்கும் வீட்டிற்கு நகராட்சியில் கட்டிய வரியை வருமானத்தில் கழிக்க இடமில்லை. வாடகைக்கு விட்ட வீட்டிற்கே உண்டு. ஆகவே இவ்வழக்கு நமக்குப் புதிதாகத் தோன்றலாம். அதனுள் இருக்கும் கேள்வி புதிதன்று.

இரு நயங்கள்

ஒரு பொருளை ஒரு நோக்கில் காண்பது நயம். தன் நோக்கே முழு உண்மை என்று கூறி ஏனையவற்றை மறுப்பது துர்நயம். முதலில் வீட்டுடையார் நயத்தைக் காண்போம்.

நியூ ஜெர்சியில் ஒரு வீட்டின் சராசரிச் சொத்து வரி 2024-இல் ஆண்டுக்கு 10,000 டாலரைக் கடந்தது. வரம்பு 10,000 எனில், சொத்து வரியே அதனை நிரப்பிவிடும். மாநில வருமான வரிக்கு இடமில்லை. ஒரு குடும்பம் சொத்து வரி 11,000, மாநில வரி 7,000, ஆக 18,000 டாலர் கட்டுவதாகக் கொள்வோம். கழிவில் 8,000 இழப்பு. அக்குடும்பத்தின் வரி விகிதம் 24 விழுக்காடாயின், அவ்விழப்பால் கூடும் வரி 1,920 டாலர். விகிதங்களும் அப்போது குறைக்கப்பட்டமையால் பலருக்கு இச்சுமை ஈடாயிற்று, எல்லார்க்கும் அன்று. மேலும், அம்மாநிலத்தில் சொத்து வரியின் பாதிக்கு மேற்பட்ட பகுதி பள்ளிகளுக்கே செல்கின்றது. பிள்ளைகளின் கல்விக்கு விரும்பி வரி கொடுக்கும் ஊரைத் தண்டிப்பதா என்பது அவர்கள் வினா. நியூ யார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட், மேரிலாந்து ஆகிய நான்கு மாநிலங்கள் 2018-இல் வழக்குத் தொடுத்தன. கீழ் நீதிமன்றங்கள் அதனை ஏற்கவில்லை. 2022-இல் உச்ச நீதிமன்றமும் விசாரிக்க மறுத்தது.

இனி மற்றைய நயம். கழிவின் பயன் எல்லார்க்கும் ஒன்றன்று. 10,000 டாலர் கழிவால், 12 விழுக்காடு வரி கட்டுபவர் மிச்சப்படுத்துவது 1,200 டாலர்; 37 விழுக்காடு கட்டும் பெருஞ்செல்வர் 2025 வரை மிச்சப்படுத்தியது 3,700 டாலர். உள்ளவனுக்கே கூடுதலாகக் கிடைக்கும் சலுகை இது. பட்டியலிடாத பெரும்பான்மையோர்க்கு இதனால் பயனே இல்லை. வாடகைக்குக் குடியிருப்பவரோ, வீட்டுக்காரர் கட்டும் வரியில் ஒரு பங்கைத் தம் வாடகையோடு சேர்த்துக் கொடுக்கின்றார். கழிவு மட்டும் அவரை அடைவதில்லை.

ஆசிரியப் பணியில் ஆயுளைக் கழித்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். விலையுயர்ந்த வீடுகள் நிறைந்த ஊர் மிகுந்த வரி திரட்டித் தன் பள்ளியைச் செழிக்கச் செய்கின்றது. வரம்பற்ற கழிவு இருந்தால், அச்செலவில் ஒரு பகுதியை நாடு முழுவதும் சேர்ந்து மறைமுகமாகத் தாங்குகின்றது. எளிய வீடுகள் உள்ள ஊரின் பள்ளிக்கு அவ்வுதவி சிறிதளவே சென்று சேரும். கல்வியின் பெயரால் கேட்கப்படும் சலுகை, கல்வி எளியோரைச் சென்றடைய உதவவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதியோர் பொருட்டும் பலர் வாதிடுகின்றனர். வருமானம் குறைந்து, வீட்டின் மதிப்பு மட்டும் உயர்ந்து, வரி கட்ட இயலாமல் வருந்தும் முதியோர் உண்மையில் உண்டு. ஆனால், அவர்களுள் பெரும்பாலோர் நிலையான கழிவையே பெறுவதால் இவ்வரம்பு அவர்களைத் தொடுவதில்லை. அவர்களைக் காக்க வேண்டுமானால் சொத்து வரியிலேயே சலுகை தர வேண்டும்.

பக்கவாயில்

வரம்பு எல்லாரையும் ஒருபடித்தாகத் தடுத்ததா எனில், இல்லை. பங்குதாரர் நடத்தும் தொழில் நிறுவனங்கள், தம் பங்குதாரர்களின் மாநில வருமான வரியை நிறுவனத்தின் பெயரிலேயே கட்டிச் செலவாகக் கழித்துக்கொள்ள மாநிலங்கள் வழி வகுத்தன. 2018-இல் கனெக்டிகட் தொடங்கிற்று. பின்னர் நியூ ஜெர்சி உட்படப் பல மாநிலங்கள் தொடர்ந்தன. 2020 நவம்பரில் கூட்டாட்சி வருவாய்த்துறை இதனை ஏற்றது. 2025-இன் சட்டமும் இவ்வாயிலை அடைக்கவில்லை. இவ்வழி செல்வோர்க்கு, வரம்புக்குட்பட்ட இடம் முழுவதும் வீட்டு வரிக்கே கிடைக்கும். மாதச் சம்பளம் பெறும் செவிலியர்க்கும் ஆசிரியர்க்கும் அவ்வாயில் இல்லை.

இதை நான் கேட்டறிந்தபோது என் மருமகன் தலை குனிந்து, “நானும் அவ்வழியே செல்கின்றேன், அத்தை. அது கள்ளாமை விரதத்திற்குக் குற்றமாகுமா?” என்றான். அவ்வினாவே என்னை உறங்கவிடவில்லை.

அளவும் அறமும்

கள்ளாமை விரதத்திற்கு வரும் ஐவகைக் குற்றங்களுள், அரசு முறைக்கு மாறாக நடத்தலும் ஒன்று. வருமானத்தை மறைப்பவரும் பொய்க்கணக்குக் காட்டுபவரும் அக்குற்றத்திற்கு ஆளாவர். அரசே திறந்து வைத்த வழியில் வெளிப்படையாகச் செல்பவர் கள்வரல்லர். எனவே, குற்றமில்லை என்றே அவனிடம் கூறினேன்.

ஆனால், சட்டப்படி குற்றமின்மை ஒன்று. அறத்தின்படி நிறைவு வேறொன்று. “உனக்குக் கிடைத்த அவ்வாயில் அவளுக்கு இல்லை. அதை மறந்துவிட்டு, அநியாயத்திற்கு ஆளானவன் நீதான் என்று அவளிடமே முறையிட்டாயே, அதுதான் பிழை. அவ்வழியால் மிஞ்சும் தொகையை உன் அளவுக்கு மேற்பட்ட பொருளாகக் கருதிக் கல்வித் தானத்திற்கு ஒதுக்கலாகாதா?” என்றேன். “சிந்திக்கின்றேன், அத்தை” என்றான். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. விரதம் தானே மேற்கொள்ள வேண்டுவது. பிறர் திணித்தால் அது விரதமாகாது.

தங்கை மகளிடமும் கூறினேன். வீட்டுடையார் அனைவரும் செல்வரல்லர். கடன் தவணையும் வரியும் போக, மாதக் கடைசியில் கையைப் பிசைவோரும் அவருள் உண்டு. மதிப்பும் வரியும் மிகுந்த ஊருக்கும், அவை குறைந்த ஊருக்கும் ஒரே தொகையை எல்லையாக்குவதும், இருவர் வாழும் இல்லத்திற்கும் ஒருவருக்கும் ஒரே எல்லை என்பதும் நடுநிலையாகா. அவர்கள் குறையிலும் ஒரு பங்கு உண்மை உண்டு.

என் முடிவு இதுவே. சலுகைக்கு வரம்பு கட்டுதல் அறத்தோடு பொருந்தும். வரம்பற்ற சலுகை வலியோர்க்கே மிகுதியாகச் சேரும். ஆயினும், அவ்வரம்பு தாங்கும் ஆற்றலை நோக்கி அமைய வேண்டும். சிலர்க்குப் பக்கவாயில் திறந்து வைத்துப் பலர்க்கு மட்டும் அடைக்கலாகாது. வருமானம் மிகுந்தோர்க்குச் சுருங்கும்படி 2025-இல் செய்த ஏற்பாடு ஆற்றலை நோக்கியது. வாயிலை அடையாமல் விட்டது அதன் குறை.

இதனை எழுதும் நானும் குற்றம் நீங்கியவளல்லள். 2022-இல் தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது நானும் முணுமுணுத்தேன். அவ்வரியால் எரியும் தெருவிளக்கின் கீழ், வீடற்றவரும் நடக்கின்றனர் என்பதை அப்போது எண்ணவில்லை. நிலமும் வீடும் வாங்குமுன், ‘என் அளவு யாது’ என ஒருமுறை கேட்டுக்கொள்வோமானால், வரிச்சீட்டு வரும் நாளில் மனக்கொதிப்புப் பாதியாகும்.

புறப்படும் நாளில் இருவரும் ஒரே வண்டியில்தான் நிலையம் சென்றனர். வழியில் யாது பேசினர் என்பதை நான் கேட்கவில்லை.

அறம் வளர்க!